ராபிக் ஸ்பகெட்டியும் மாரியோவின் அப்பாவும்

இத்தாலியர்கள் எரித்திரியாவில் ரயில் பாதையை விட்டுப் போனார்கள், காப்பி இயந்திரத்தை விட்டுப் போனார்கள், பெற்ற பிள்ளைகளையும் விட்டுப் போனார்கள். முதல் இரண்டை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது எனக்குத் தெரிய வந்தது எழுபதுகளின் கடைசியில். ஜித்தாவில் வேலை முடிந்து, யான்பு சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள். முந்நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். காலை ஆறு மணிக்கு டாக்சி, ஆளுக்கு முப்பது ரியால். கூட வந்தவர் தூத்துக்குடி வெல்டர் சேவியர் அண்ணன். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். கறுத்த முகம், பச்சைக் கண்கள், பெயர் மாரியோ.

"பேரு என்னலே இத்தாலிக்காரன் பேரா இருக்கு?" என்றார் அண்ணன். நான் எனக்குத் தெரிந்த அரபியில் அவனிடம் கேட்டேன்.

"அப்பா இத்தாலி, பாய். அம்மா எரித்திரியா, அஸ்மாரா ஊரு. கடலுக்கு அந்தப் பக்கம்."

பாதி வழியில், ராபிக் ஊரில் ஓர் எரித்திரியாக்காரரின் சாயாக்கடையில் நிறுத்தினான். ரொட்டி வரும் என்று உட்கார்ந்தால் ஸ்பகெட்டி வந்தது, மேலே காரமான கறிக்குழம்பு. அண்ணன் முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்தார். "இடியாப்பத்துல கறிக்குழம்பு ஊத்துன மாதிரிலா இருக்கு!"

எனக்குச் சாப்பாட்டைவிடக் கேள்விதான் பெரிதாக இருந்தது. பாலைவனத்துச் சாயாக்கடைக்கு இது எப்படி வந்தது? மாரியோ சலிக்காமல் சொன்னான். முள்கரண்டி, பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் அவர்கள் மொழியில் இத்தாலியச் சொல்தானாம். இத்தாலியர்கள் அஸ்மாராவில் குடியேறி, தெருவுக்குத் தெரு காப்பிக்கடை வைத்தார்கள்.

"கிளாஸ் கழுவினது நாங்க. உக்காந்து குடிச்சது அவங்க."

பாசிஸ்ட் ஆட்சியில், உள்ளூர்ப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் தன் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். மாரியோ அப்போது பிறந்தவன். யுத்தம் முடிந்ததும் தகப்பன் கப்பலேறிவிட்டான்.

"உனக்கு இந்தப் பேரு யாரு வச்சது?"

"அம்மாதான். அதுக்கு எந்தச் சட்டமும் இல்லையே!" என்று சிரித்தான்.

சிரிப்பு நிலைக்கவில்லை. அவனுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், 'கலாஸ், வேலை முடிந்தது' என்று சொல்லிவிட்டாராம், விசா அடுத்த மாதம் முடிகிறது. ஊரில் சண்டை, திரும்பினால் சிறை. தகப்பன் இத்தாலியன் என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் இத்தாலியத் தூதரகம் அவன் மனுவைப் பார்க்குமாம். அந்த ஆள் யான்புவில் இருந்தான். எங்கள் சைட்டின் ஃபோர்மேன், அஸ்மாராவில் பிறந்த இத்தாலியன். அஸ்மாராவில் அவன் குடும்பத்து கராஜில்தான் மாரியோவின் தகப்பன் மெக்கானிக்காக இருந்தான். அவனுக்குக் கொடுக்க மாரியோ தூக்குவாளியில் ஸ்பகெட்டி வாங்கிக்கொண்டான்.

மத்தியானம் கேம்ப் மெஸ்ஸில் ஃபோர்மேன் ஒரு வாய் வைத்தான். "அஸ்மாரா!" என்று கத்தி, மாரியோவைக் கட்டிப்பிடித்து, மற்ற இத்தாலியர்களையும் கூப்பிட்டான். வாளி காலியானது. பிறகு மாரியோ வந்த விஷயத்தைச் சொன்னான். ஃபோர்மேன் வாயைத் துடைத்தான், ஹெல்மெட்டை மாட்டினான், வெளியே நடந்தான். சமையல் மட்டும் அவனுக்குச் சொந்தம், சமைத்த வம்சம் இல்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், ராபிக்கில் நிறுத்திச் சாப்பிடுங்கள். ருசியைப் புகழ்ந்துவிட்டு மட்டும் எழுந்து வராதீர்கள், பரிமாறியவனிடம் அவன் கதையைக் கேளுங்கள்.

அன்று மெஸ்ஸுக்கு வெளியே ஃபோர்மேன் ஜீப்பைக் கிளப்பினான். மாரியோ கதவை விடவில்லை. அதுவரை அவனிடம் இத்தாலிய மொழியில் பேசியவன், நாங்களும் கேட்கட்டும் என்றோ என்னவோ, அரபியில் சொன்னான்:

"சின்ன வயசுல எங்கப்பா தோள்ல ஏறி விளையாடினவன் நீ. தூதரகத்துக்கு வந்து அவர் பேரைச் சொல்லு!"