கல்வெட்டில் நான் போடாத வரி

பரமேஸ்வரி ரீச்சர் இறந்த செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. மானிப்பாயில் அவருடைய வீட்டுக்கும் என்னுடைய வீட்டுக்கும் இடையில் அரை மைல்கூட இல்லை. விடியக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். கண்ட பக்கத்து வீட்டார் முதலில் கனடாவில் இருக்கும் மகன் சுதனுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். சுதன் எனக்கு அடித்தான். நான் அப்போது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அன்ரி, அம்மா மோசம் போயிட்டா," என்றான். அழுதான். நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, "கல்வெட்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும்," என்றான். "நான் எழுதாமல் வேறை ஆர் தம்பி எழுதுறது?" என்றேன். "ஒண்டே ஒண்டு அன்ரி. உந்தச் சட்டி பானைக் கதையள் ஒண்டும் வேண்டாம். படிப்பிச்சவ எண்டு வடிவாய் எழுதுங்கோ, காணும்." தாயின் உடலை வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்துவதற்கு முன்பே மகனுக்கு இந்தக் கவலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் தம்பி" என்றேன்.

எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முன்னால் படம், உள்ளே பதிகங்கள், பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் குடும்பத்தாரின் நன்றி. தமிழ் படிப்பித்தவள் என்பதால் எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம். பொய் எழுதிக் கை பழகிவிட்டது. பெண்சாதிக்கு அடித்தவனைக் 'கண்டிப்பானவர்' என்று எழுதுவேன். எச்சில் கையால் காகம் துரத்தாதவனைச் 'சிக்கனமானவர்' என்பேன். வாசிக்கிறவர்களும் சிரிக்காமல் வாசிப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னர் எங்களுடன் படிப்பித்த ஒருவரின் முப்பத்தொன்றுக்குப் பரமேஸ்வரி ரீச்சரும் நானும் போயிருந்தோம். எனக்கு அவர் பரமேஸ் அக்கா. பந்தியில் இலை போடும்வரை அவர் கல்வெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னை முழங்கையால் இடித்து, "எடி யோகம், உந்த மனிசி ஆயுள் முழுக்கக் காட்ஸ் விளையாடினது. பள்ளிக்கூடத்தில ஆளை வெல்ல ஆக்கள் இல்லை. உதில ஒரு வரி இருக்கோ? அன்பான மனைவியாம், பண்பான தாயாம். உது ஆருக்குத்தான் பொருந்தாது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் நீதான் எழுதுவாய். சட்டி செய்தவள் எண்டு ஒரு வரி போடு. வேறை என்ன பொய்யும் எழுது, குறுக்கை நிக்கமாட்டன்." "போடுறன் அக்கா." "சத்தியமாய்?" "சத்தியமாய்." அவர் என்னிடம் ஆயுளில் கேட்டது இந்த ஒன்றுதான்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தோம். அவர் இரசாயனவியல். என்னைவிட ஆறு வயது மூப்பு. நல்ல ரீச்சர் என்று இப்போதும் எல்லோரும் சொல்வார்கள். அது பழைய பயத்தில் சொல்வது. ஆய்வுகூடத்தில் ஒரு சோதனைக் குழாய் உடைந்தால் அன்று முழுக்க அந்த வகுப்பில் மூச்சுச் சத்தம் கேட்காது. பிழை என்றால் அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. கணவர் தவறியபோது, மரணச் சான்றிதழில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தால்தான் ஆச்சு என்று அரசாங்கக் கந்தோரில் கதிரையைப் போட்டு இருந்தவர்.

இந்த மனிசிதான் ஓய்வுபெற்ற மறுவருடம், அறுபத்தொரு வயதில், தயிர்ச் சட்டி வாங்கவென்று அச்சுவேலிப் பக்கம் போனார். அங்கே ஓர் ஒழுங்கையில் தங்கம் என்பவர் இருக்கிறார். கணவர் செத்த பிறகு அவருடைய சக்கரத்தில் தானே இருந்து சட்டி வனைந்து பிழைக்கிறவர். அவர் கை போகிற போக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பரமேஸ் அக்கா, "நானும் ஒருக்கா இருந்து பாக்கட்டோ?" என்று கேட்டிருக்கிறார். "சீலை பழுதாப் போம் ரீச்சர்." "போகட்டும்." சக்கரம் சுற்றியதும் மண் கையை விட்டுப் பறந்து போய் அவருடைய மூக்குக் கண்ணாடியில் அப்பியதாம். தங்கம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். பரமேஸ் அக்காவுக்கு முன்னால் நின்று அப்படி யாரும் சிரித்ததில்லை. அன்று பின்னேரம் தலைமயிரில் காய்ந்த மண்ணோடு என் வீட்டுக்கு வந்தார். "முப்பத்தைஞ்சு வருஷம் மற்றவையின்ரை பிழையைத் திருத்தினன். இண்டைக்குத்தான் ஆசை தீரப் பிழை விட்டன். என்ன சுகமடி!" என்றார். எனக்கு, மனிசிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் பட்டது.

வெயில் இறங்கவே இல்லை. கிழமைக்கு மூன்று நாள் இரண்டு பஸ் மாறிப் போனார். ஒரு வருடம் தங்கம் குழைத்துக் கொடுத்த மண்ணில் பழகினார். பிறகு ரோசம் வந்துவிட்டது. பின் வளவில் கொட்டில் போட்டுச் சக்கரம் வைத்தார். தன் வயற்கரையில் களிமண் வெட்டி, வளவிலேயே சிறு சூளை மூட்டி, பன்னிரண்டு சட்டி சுட்டு எடுத்தார். பார்த்து எனக்கே வாய் பிளந்தது. பத்து நாளில் அத்தனையும் இருந்த இருப்பிலேயே தெறித்துப் பொரிந்தன. தெறித்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. எங்களுடையது சுண்ணாம்புக்கல் மண் அல்லவா? கடுகளவு கல் களியில் கிடந்தாலும் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, நீறி, ஊதி, சட்டியை உடைக்கும்.

தங்கம் வந்து ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கல்லு அரிக்காமல் சுட்டா வெடிக்கும்தானே ரீச்சர். உது எங்கடை சின்னனுகளுக்கும் தெரியும்." பரமேஸ் அக்கா சூளையடியில் குந்தியிருந்து தலையில் அடித்து அடித்துச் சிரித்தார். "முப்பத்தைஞ்சு வருஷம் சுண்ணாம்பு நீறுற உந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில எழுதினன். பாடமாக்காத பிள்ளையளுக்கு அடியும் போட்டன். கடைசியில எனக்குத்தான் தெரியேல்லை, பார்!" அடுத்த நாளே மண்ணைக் கரைத்துச் சீலையில் வடிக்கத் தொடங்கிவிட்டார். நாலாம் வருடம் அவர் சட்டியில் குறை பிடிக்க ஆளில்லை. சுட்டு ஆறிய சட்டியை விரல் முட்டியால் தட்டி, காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்பார். "மண்ணுக்கு நான் ரீச்சர் எண்டு தெரியாதடி. அதாலதான் எனக்கு அதைப் பிடிச்சது" என்று ஒருநாள் சொன்னார்.

இனி ஊரின் கதை. சட்டி செய்ததைக்கூட ஊர் பொறுத்திருக்கும், கிழவிக்குப் பொழுது போகவில்லை என்று. தங்கத்தை அவர் 'அக்கா' என்று கூப்பிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. தங்கம் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனால் எங்கள் ஆட்கள் அவரைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட்டே பழகியவர்கள். சாதி என்ற சொல்லை எங்கள் ஊரில் இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. 'அவையள்' என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் விளங்கும். மச்சாள் ஒருத்தி வீடு தேடி வந்து, "உனக்கு என்ன குறை பரமேஸ்? பென்சன் வருகுது, மகன் கனடாவில. உது அவையின்ரை வேலையெல்லே?" என்று கேட்டாள். "குறை ஒண்டுமில்லை மச்சாள். கை சும்மா இருக்குதில்லை," என்றார் இவர். அதற்குப் பிறகு அந்த மச்சாள் அவர் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

கோயில் கார்த்திகை விளக்கீட்டுக்கு அவர் நூற்றெட்டு அகல் செய்தார். இரண்டு மாத வேலை. ஒன்றுக்கொன்று மயிரளவு வித்தியாசம் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது நிர்வாகத்து ஆள் ஒருவர் கையைப் பிசைந்தார். "குறை நினைக்காதையுங்கோ ரீச்சர். அவையள் செய்து தந்தா வாங்கலாம், அது அவையின்ரை தொழில். நீங்கள் செய்து தந்து நாங்கள் ஏத்தினா ஊர் என்ன சொல்லும்?" பரமேஸ் அக்கா பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாள் தங்கம் அதே அகல்களைத் தன் ஓலைக் கடகத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுகதை இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். விளக்கீட்டன்று வீதி சுற்றும்போது என் கையைப் பிடித்து, "உது என்ரை, உதுவும் என்ரை" என்று காட்டிக்கொண்டு வந்தார். அன்றுதான் அவருக்கு எது நொந்தது என்று எனக்கு விளங்கியது. விளக்கு எரிந்தால் போதும் என்று இருக்கிற மனிசி அல்ல அவர். தான் செய்தது என்று நாலு பேர் அறியவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஏன் ஆசைப்படக் கூடாது?

ஊரைத் திட்டிவிட்டு நான் நழுவ முடியாது. எனக்கும் ஒரு கறிச்சட்டி தந்தார், முதலில் தேறிய சூளையில் எடுத்தது. நான் அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது ஆயிரம் நியாயம் சொல்லியிருப்பேன். மேடையில் சமத்துவம் பற்றி நான் நன்றாகப் பேசுவேன். என் அடுப்பில் அந்தச் சட்டியை ஏற்ற மட்டும் கை வரவில்லை. ஒருநாள் பின்பக்கத்தால் வந்தவர் அதைக் கண்டார். குனிந்து பார்த்தார். "ஒழுகேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை அக்கா," என்றேன். "அப்ப சரி." அவ்வளவுதான். கோழிக்கூட்டை இடம் மாற்றும்போது அந்தச் சட்டி உடைந்தது. வேறொன்று அவர் தரவில்லை, கேட்க எனக்கு வாயும் வரவில்லை. சீ, என்ன மனிசி நான்!

செத்தவீட்டுக்கு வந்த சுதன் முப்பத்தொன்று வரை நின்றான். இரண்டாம் கிழமை நான் கல்வெட்டை எழுதினேன். அந்த வரியையும் எழுதினேன், பொய் சொல்லவில்லை. 'தமது அறுபத்தோராவது வயதில் மட்பாண்டம் வனையக் கற்று, இறுதி நாள்வரை சட்டிகள் செய்து வந்தார்.' போனில் அனுப்பினேன். சுதன் உடனே வீட்டுக்கு வந்துவிட்டான். "அன்ரி, நான் முதலே சொன்னனான் எல்லே. என்ரை மனிசி வீட்டு ஆக்களும் வாசிப்பினம். எங்களை ஆரெண்டு நினைப்பினம்?" கத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான். அப்படியென்றால் வேறு ஆளைப் பார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன, தலையா போயிருக்கும்? அவன் முன்னாலேயே போனை எடுத்து அந்த வரியை அழித்தேன். அவன் வெட்டினான் என்று யாரும் கதைக்கவேண்டாம். வெட்டியது நான்.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போய்வந்து, வீட்டுக் கிருத்தியமும் முடிந்தது. பின் வளவில் கொட்டிலைக் காணவில்லை. சட்டிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி எங்கோ பள்ளத்தில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இடத்தைக் கூட்டித் தெளித்துப் பந்தி வைத்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே, வேலியோரம், தங்கம் வந்து நின்றார். இரு என்று யாரும் கதிரை காட்டவில்லை. கல்வெட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். நான் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கண் மங்கல் ரீச்சர். வாசியுங்கோவன்," என்றார்.

வாசித்தேன். இரண்டரைப் பக்கம். இன்னாருக்கு மகளாகப் பிறந்தது, பட்டம் பெற்றது, படிப்பித்தது, மணந்தது, மகனை ஆளாக்கியது, கோயிலுக்குப் போனது. தங்கம் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒரு அடி கிட்ட வந்தார். இப்போது வரும், இப்போது வரும் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாசித்துக்கொண்டே போனேன்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"நீங்களோ எழுதினது?"

"ஓம்."

"உது ஆரோ வேறை ரீச்சர்," என்றார். நான் நீட்டிய புத்தகத்தை வாங்காமல் என் கையிலேயே தள்ளி வைத்தார். "எங்கடை ரீச்சரைப் பற்றி எழுதினா தாங்கோ, வாங்கிறன்." சாப்பிடாமல் போய்விட்டார். இருந்து சாப்பிடுங்கோ என்று நானும் கூப்பிடவில்லை.

ஆகவே அவரை அறிந்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன், காலம் பிந்தித்தான். பரமேஸ்வரி ரீச்சர் பதினொரு வருடம் சட்டி செய்தார். நல்ல சட்டி. கறிச்சட்டி, தயிர்ச் சட்டி, முட்டி, அகல். தங்கத்திடம் பழகினார், அவரை அக்கா என்றார். உங்கள் வீட்டில் கல்வெட்டு இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அதற்குள் வையுங்கள். உங்களில் யாரிடமாவது அவர் செய்த சட்டி இருந்தால் அடுப்பில் ஏற்றிச் சமையுங்கள்.

என்னிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது இரண்டு கல்வெட்டுகள். ஒன்று எனக்குத் தந்தது. மற்றது தங்கம் வாங்க மறுத்தது.