வீடு வீடாக டிரைவர் மாற்றப் போனவள்

பழைய கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவர்களே, உங்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: நீங்கள் வீட்டிலிருந்தபடி அவதிப்படுகிறீர்கள், நான் பஸ் ஏறிப் போய் அவதிப்படுகிறேன்.

கண்டி டவுனில் ரிஸ்வி நானாவின் ரிப்பேர் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கடைக்குத் தூக்கி வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போவது என் பங்கு. கதவைத் திறப்பவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் பாக்குறவர் வரல்லையா?" என்பார்கள். நான்தான் அவர் என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். பெரும்பாலும் ஒரே வியாதிதான். படம் காட்டுகிற கார்டுக்கும் அதன் டிரைவருக்கும் ஒத்துவராது. டிரைவர் என்றால் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசுகிற ஒரு சின்ன புரோகிராம். அது பழுதானால் திரை கறுக்கும், நடுங்கும், எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருக்கும். திருத்துவது பெரிய வித்தை இல்லை. திருத்தி முடிக்கும்வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

பழைய டிரைவர்

ஹுன்னஸ்கிரியவில் ஒரு வீடு. பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்கு யாரோ சொந்தக்காரப் பையன் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து திரை பாதியில் உறைந்து நிற்கிறது. வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் வேலை செய்தபடியே விளக்கம் சொன்னேன். "டிரைவர் ரொம்பப் பழசும்மா. புது சிஸ்டத்துக்கு அது சரிவராது. அதைத் தூக்கிட்டு வேற ஒண்ணு போட்டாத்தான் ஓடும்." அந்த அம்மா கண்ணால் ஏதோ சாடை காட்டினார். எனக்குப் புரியவில்லை. பழசை வைத்துக்கொண்டு இழுத்தடிப்பதில் பிரயோசனம் இல்லை என்று இன்னும் இரண்டு வசனம் சேர்த்துச் சொன்னேன்.

மூலையில் கதிரையில் ஒரு மனிதர் சாரம் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு அவர் ஏன் வீட்டில் இருக்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனியில் லொறி ஓட்டியவராம். போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இதெல்லாம் அவர் மனைவி பிறகு வாசலில் வைத்து எனக்குச் சொன்னது. அந்த நேரத்தில் அவர் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "எங்க முதலாளியும் இதேதான் சொன்னாரு மிஸ்" என்றார்.

எழுதிக் கொடுங்கள்

பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் வீடு. முன்னால் கடை, பின்னால் வீடு. ஒரு நாள் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லை. கடைசியாக அதில் உட்கார்ந்திருந்தது மருமகள். மாத்தளையில் நடந்த தங்கச்சியின் கலியாணப் படங்களைப் பார்த்திருக்கிறாள். அவள்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டாள் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான் போகும்போது அந்தப் பேச்சுக்கு மூன்று வாரம் வயது. மாமியார் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. "இவ என்னத்தை அமுக்கினான்னு மட்டும் பாத்து சொல்லுங்க" என்றார்.

சேஃப் மோடில், அதாவது அந்த டிரைவர் இல்லாமல் ஓடுகிற நிலையில், திறந்து பார்த்தேன். சிஸ்டம் தானாகவே அப்டேட் எடுத்து, பழைய கார்டின் டிரைவர் மேல் பொருந்தாத ஒரு டிரைவரைப் போட்டிருந்தது. எந்த நாள், எத்தனை மணி என்பதும் பதிவில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆறரை. நான் அதை வாசித்ததும் மாமியார் சுவரில் இருந்த கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆறரைக்கு, உள்ளே கம்ப்யூட்டர் ஓடினாலும், வீடு பூட்டியிருக்கும். எல்லாரும் கோயிலில் இருப்பார்கள், மருமகளும்தான். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் கடைப் பக்கம் போய்விட்டார்.

டிரைவரை மாற்றி, இனித் தானாக மாறாதபடி நிறுத்தி வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசல் கேட் வரைக்கும் அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இப்ப உள்ள சொன்னதை ஒரு தாள்ல எழுதி, உங்க கடை சீலும் குத்திக் குடுக்க ஏலுமா?"

பெயர் மாற்றிய கார்டு

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ராஜேஸ்வரி அக்கா கொழுந்து எடுக்கிறவர். அவர் மகள் படம் வரைகிற கோர்ஸ் ஒன்றுக்குப் பதிந்திருந்தாள். கொழும்பில் வேலை செய்கிற மாமா, அதாவது ராஜேஸ்வரி அக்காவின் தம்பி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல கார்டு போட்டது என்று போனிலும் சொல்லியிருந்தார். டிரைவர் போடாதவரை ஓடும். போட்ட நிமிடமே திரை கறுத்துவிடும். பிள்ளை தானாகவே ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்து, தனக்குத்தான் போடத் தெரியவில்லை என்று அழுதிருக்கிறாள்.

கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, மேலே இருந்த காற்றாடியை எடுத்துச் சிப்பின் இலக்கத்தை வாசித்தேன். ஸ்டிக்கரில் இருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. மிகப் பழைய கார்டு ஒன்றுக்குள் புதியதின் பெயரை யாரோ எழுதிவைத்திருந்தார்கள். டிரைவர் அந்தப் பெயரை நம்பி வேலையைத் தொடங்கும், பாதியில் விழும். பொய்ப் பெயரை அழித்து உண்மைப் பெயரை எழுதியதும் பழைய டிரைவர் சத்தமில்லாமல் ஏறியது. ஆனால் அந்தக் கோர்ஸுக்கு வேண்டிய வேலைக்கு அந்தக் கார்டு காணாது.

திருப்பிக் கொண்டுபோன அன்று மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். ராஜேஸ்வரி அக்கா கைகளைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி ஏமாந்துபோனானா, தெரிந்தே அனுப்பினானா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: "பொய்யின்னு அவகிட்ட சொல்லிறாதீங்க மிஸ். பழசுன்னு சொல்லுங்க. மாமான்னா அவளுக்கு உசிரு."

வளைகிற கோடு

கட்டுகஸ்தோட்டையில் பெரியசாமி ஐயா இருக்கிறார். அந்தக் காலத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் அஞ்சலி எல்லாம் செய்து அச்சகத்துக்குக் கொடுப்பார். அவர் செய்த மரண அறிவித்தல் ஒட்டாத மதில் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு நாள் கடைக்குப் போன் எடுத்து, "கோடு வளையுது மகள்" என்றார். போனேன். மரண அறிவித்தலைச் சுற்றிப் போடுகிற கறுப்புக் கோடு நடுவில் நெளிகிறதாம், தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி. நான் குனிந்து பார்த்தேன். கோடு நேராக இருந்தது. ஆனாலும் உள்ளே தேடினால் ஒரு குற்றம் கிடைக்கத்தான் செய்தது. முந்திய கார்டின் டிரைவரும் இப்போதைய கார்டின் டிரைவரும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எனக்குச் சந்தோஷம். இரண்டையும் வழித்தெடுத்துவிட்டு ஒன்றைச் சுத்தமாகப் போட்டேன். "இப்ப எப்படி ஐயா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார்.

மூன்று வாரத்தில் மறுபடி போன். இந்தத் தடவை கடையிலிருந்து வேறு கார்டு கொண்டுபோனேன். அதன் பொன் முனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். கேபிளை மாற்றினேன். வளைகிறது என்றார். வயசாளிகளுக்கு வேறு வேலை இல்லாமல் வருகிற சந்தேகம் என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஸ்கேல் ஒன்றை எடுத்துத் திரையில் கோட்டோடு சேர்த்து வைத்து, "பாருங்க, ஒரு நூல்கூட விலகல்ல" என்று காட்டினேன். அவர் ஸ்கேலையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். ஸ்கேலும் அவருக்கு வளைந்துதான் தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "உங்களுக்கு நேரா தெரியுதுன்னா நேராத்தான் இருக்கும் மகள்."

எதை மாற்றுவது

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவரிடமிருந்து போன் இல்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டது அவர் மனைவி பார்வதியம்மா. ஒரு மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயருக்கு நடுவில் ஓர் எழுத்து விழுந்துபோய்விட்டது. அப்படியே அச்சாகி, மதில்களிலும் ஏறிவிட்டது. செத்த வீட்டிலிருந்து மகன்மார் இரண்டு பேர் வந்து ஒட்டாமல் மிஞ்சிய அறிவித்தல்களைக் கட்டோடு இவர்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்களாம். நாற்பது வருடத்தில் அவர் கையால் ஓர் எழுத்து விழுந்ததில்லை. அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் பார்வதியம்மா.

கடையிலிருந்த நல்ல மொனிட்டர் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மாற்றினேன். அவர் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். அதிலேயே பதில் தெரிந்தது. நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இந்தக் கம்பியும் வளைஞ்சு போச்சு, ஆளைக் கூப்பிட்டு மாத்தணும்" என்று மனைவியிடம் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பிகள் ஆறும் நேராக நின்றன. பார்வதியம்மாவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஐயாவிடம் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன். வலது கண்ணால் பார்த்தபோது கம்பி கொஞ்சம் நெளிகிறது என்றார். இடது கண்ணால் பார்த்தபோது நடுவில் கம்பியே இல்லை, கறுப்பாக ஏதோ இருக்கிறது என்றார். நான் வயரைக் கீழே வைத்தேன். கோளாறு கார்டிலும் இல்லை, டிரைவரிலும் இல்லை, மொனிட்டரிலும் இல்லை ஐயா என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் பொத்திய கையை எடுக்காமலே கேட்டார்: "அப்ப எதை மகள் மாத்தணும்?"

கிளினிக்குக்குப் பிறகு

மறுநாளே பார்வதியம்மா அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். இடது கண்ணில் போன பார்வை போனதுதான் என்றார்கள். வலது கண்ணுக்குள் மாதா மாதம் ஊசி போட்டால் இருக்கிறதைப் பிடித்து வைக்கலாமாம். டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றைப் பார்வதியம்மா எனக்குப் போனில் அப்படியே சொன்னார். கோடு வளைகிறது என்று முதலில் எப்போது தெரிந்தது? நான் என் வேலைப் புத்தகத்தைப் புரட்டி முதல் தடவை போன நாளைப் பார்த்தேன். இரண்டு மாதமும் சில நாட்களும். அந்த இரண்டு மாதத்தில் நான் அவருக்கு டிரைவர் மாற்றினேன், கார்டு மாற்றினேன், கேபிள் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவரை இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு பார்க்கப் போனேன். கம்ப்யூட்டரைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். அச்சகத்துக்கு இனி வேலை வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டாராம். பார்வதியம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமல், முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் குரல் வந்த பக்கம் பார்த்தார். என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தார், இப்போது அப்படிப் பார்த்தால்தான் அவருக்குத் தெரிகிறது. மனைவி குசினிக்குள் போன பிறகு சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துதான் மகள் உங்களைக் கூப்பிட்டேன்."

கோடு போட்ட தாள்

நடந்ததை ரிஸ்வி நானாவிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் கணக்குக் கொப்பியிலிருந்து சதுரக் கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, நடுவில் பேனையால் ஒரு புள்ளி வைத்து, மேசைக்கு மேலே ஒட்டினார். "வயசாளிமார் வந்து ஸ்க்ரீன் வளையுதுண்டு சென்னா, மொதல்ல இதக் காட்டு. இதுலயும் வளஞ்சா கண்ணுதான்" என்றார். அவருடைய வாப்பாவும் கடைசிக் காலத்தில் எழுத்து ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவராம். அதை அவர் எனக்கு இவ்வளவு நாளும் சொன்னதில்லை.

அந்தத் தாளை இதுவரை மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை, டிரைவர்தான். மூன்றாவது ஆள், ஓய்வுபெற்ற கிளார்க், தாளிலும் கோடு நெளிகிறது என்றார்; கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். உடனே அவர் தன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கம்ப்யூட்டர் திருத்தத் தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லணும், ஆளோட கண்ணுல குத்தம் சொல்லக் கூடாது."

ஆக, பதினோரு வருடத்தில் நான் கண்டது இதுதான்: கம்ப்யூட்டர் பழுது என்று கூப்பிடுகிற வீடுகளில் பழுதாகிக் கிடப்பது பலதும் இருக்கும், அதில் எனக்குத் திருத்தத் தெரிந்தது கம்ப்யூட்டர் மட்டும்தான்.