பிரபுவின் முன்னால் நீட்டிய கால்

ஊரை ஆளும் பிரபுவின் முன்னால் காலை நீட்டினான், அதனால்தான் கால் அழுகியது என்று பக்கத்து வீட்டுக் கலோ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். பொய். கால் செத்துக்கொண்டிருந்ததால்தான் பெனிசிமானி அதை நீட்டினான். எது முன்னது எது பின்னது என்றே தெரியாதவளுக்கு நாக்கு மட்டும் முழநீளம்.

சர்க்கரை நோயில் அவனுடைய வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துப்போயிருந்தது. ஆக்லாந்தில் இடது காலிலிருந்து ஒரு சிரையை உருவி, அடைப்பைத் தாண்டி ரத்தம் போகும்படி வைத்துத் தைத்தார்கள். பாதம் குளிர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தொங்கா தீவுக்குத் திரும்பியவன் பழையபடி கிழங்கு நட்டான், கவா பானம் குடிக்கும் வட்டத்தில் அடுத்த கோப்பை யாருக்கு என்று பெயர் கூவினான். அடுத்த கிழங்கு தோண்டுவதற்குள் பாதம் குளிர ஆரம்பித்தது. மனைவி மெலேயிடம்கூட அவன் சொல்லவில்லை.

பிரபு வந்திருந்த சாவு வீட்டுக் கவா வட்டத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு வலி உயிரை வாங்கியது. கால் தானாக நீண்டது. பிரபுவுக்கு எதிரே கால் நீட்டுவது அங்கே பெரிய அவமரியாதை. மறுநாள் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புய்யா," என்றாள் மெலே.

"முதல்ல மன்னிப்பு. அவர் முன்னாடி நீட்டினதுக்குத்தான் இப்படி ஆயிருக்கு."

"உன் கால் என்ன அவரு வளக்கற நாயா, அவரு கோவிச்சா விறைக்கறதுக்கு?"

கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி கிழிந்த பாயை இடுப்பில் சுற்றி, இஃபி இலை மாலையைக் கழுத்தில் போட்டு, பிரபுவின் முற்றத்து வெயிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவர் கையால் மாலையைக் கழற்றும்வரை எழக்கூடாது. அவரோ நகரத்துக்குப் போயிருந்தார். பொழுது சாயும்போதுதான் வந்தார்.

"எழுந்திரு பெனி. எனக்கு ஏதுடா கோபம்? உனக்கு வலின்னு அன்னைக்கே தெரியுமே," என்று மாலையைக் கழற்றினார்.

எழ முடியவில்லை. தூக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதம் கறுத்திருந்தது.

"சாபமெல்லாம் இல்ல மெலே," என்றாள் நர்ஸ் லவினியா. "அந்தச் சிரை மெதுவா ஓடுற ரத்தத்துக்குப் பழகினது. இதயம் அடிக்கிற அடியில அதோட செல்லுக்குள்ள தூங்கிட்டிருந்த மரபணுவெல்லாம் முழிச்சுக்கிச்சு. அடியைத் தாங்கணும்னு செல் பெருகிப் பெருகி, உள்பக்கம் தடிச்சு, வழியையே அடைச்சிருச்சு."

"முன்னாடியே வந்திருந்தா?"

"குளிர்ந்தப்பவே வந்திருந்தா வழியைத் திறந்து பாத்திருக்கலாம். இனிமே முட்டிக்கு மேல எடுக்கணும்."

பெனிசிமானி சிரித்தான். "நல்லதாப் போச்சு. இனிமே நீட்டினான்னு எவளும் சொல்ல முடியாது." மெலே சிரிக்கவில்லை.

காலை எடுப்பதற்கு முன் ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தான். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. தூக்க வந்த தம்பி மகன்களை விரட்டிவிட்டு, மெலேயின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தான். கறுத்த பாதத்தை வெளியே எடுத்து வைத்தான்.

"தரை தெரியல மெலே. வச்சுட்டேனா?"

"வச்சுட்டய்யா. அடுத்ததை எடு."

எடுத்தான்.