'சந்த ஆனாள்' மேல் வைத்த கை

றெனால்டின் வள்ளப் பட்டறைக்கு யசிந்தா இணையத்தளம் செய்துகொண்டிருந்தாள். வாங்க வருபவர் நிறத்தைத் தொட்டால் திரையில் வள்ளம் அந்த நிறமாகும். பெயரை அடித்தால் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் பெயர் விழும். உண்மையில் ஒரே வள்ளம்தான். அதன் படத்துக்கு மேல் நிறம் ஒரு படம், பெயர் ஒரு படம் என்று கண்ணாடித் தாள்போல அடுக்கியிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படமாக வைக்கத் தகப்பன் அமிர்தநாயகத்தின் வெள்ளை வள்ளத்தைக் கேட்டாள். வங்காலைக் கரையில் நின்ற, ஊர்க் கோயில் புனிதையின் பெயர் எழுதிய 'சந்த ஆனாள்'.

"என்னத்துக்கு?"

"படம் எடுக்க, அப்பா."

"எடுத்து?"

எடுத்து முடியும்வரை அவர் வள்ளத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"தள்ளி நில்லுங்கோவன்."

"நீ எடு. நான் என்ர வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அவர் அப்படித்தான். மீன் நிறுக்கும்போது தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பூசையில் காணிக்கைத் தட்டு கோயிலின் கடைசி வாங்கு இருக்கைவரை போவதைக் கண்ணால் துரத்துவார். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு இராமேஸ்வரம் போனபோது முதல் வள்ளத்தைச் உறவுக்காரன் ஒருவனிடம் விட்டிருந்தார். மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பியபோது அது பச்சை அடித்து, வேறு பெயரோடு நின்றது. "இது என்ர, அண்ணை. பேரை வாசியுங்கோ" என்றான் அவன்.

யசிந்தா பெருமையோடு திரையைக் காட்டினாள். நீலம். பச்சை. எவரோ ஒருவரின் பெயர். அமிர்தநாயகம் குனிந்து பார்த்தார்.

"என்ர கைக்கும் பெயின்ற் அடிச்சிட்டாய்."

விரல்களும் பச்சையாக இருந்தன. அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அவன் செய்ததைத்தானே நீயும் செய்யிறாய்? என்ர வள்ளத்தை உதுக்குள்ளையிருந்து எடு பிள்ளை."

"வேறை படம் கிடைச்சவுடனை எடுக்கிறன், அப்பா."

அதற்குப் பிறகு அவர் பக்கத்து வீட்டுக் கிருஷாந்தினியின் போனில் அடிக்கடி பார்த்தார், எடுத்துவிட்டாளா என்று. மாசியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிவரை உயிர் தாங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து றெனால்ட் வந்தான்.

"தங்கச்சி, படத்தில இருக்கிறது ஆற்ற கையெண்டு சனம் கேக்குது. கையை மட்டும் அழிச்சுவிடுங்கோ."

சின்ன வேலை. சுண்டுவிரல் ஓரம்வரை அழிப்பானைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிடித்திருக்கும் கை போனால் வள்ளம் எவருடையதாகவும் ஆகிவிடும். தளத்திலிருந்து அந்தப் படத்தையே முழுதாக எடுத்துவிட்டாள்.

மறுநாள் பட்டறைக்குப் போய், அச்சிலிருந்து அப்போதுதான் கழற்றிய வள்ளமொன்றைப் படமெடுத்தாள். நிறமில்லை, பெயரில்லை.

"அதுவும் வள்ளம், இதுவும் வள்ளம். என்ன வித்தியாசம்?" என்றான் றெனால்ட்.

"இது இன்னும் ஒருத்தற்றையும் இல்லை, அண்ணை."