மூச்சுக்கு விட்ட இடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பியானோவைத் துடைப்பது கணவரின் வேலை. பேருந்துப் பணிமனையில் இன்ஜின் கழற்றி மாட்டுகிற மனிதர். ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து இடது கோடியில் ஆரம்பித்தால், எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்து வலது கோடியில்தான் நிமிர்வார். அடுப்படியில் நிற்கிற அவளுக்குப் பல் கூசும். கச்சேரி முடிந்ததா என்று அங்கிருந்தே கேட்பாள்.

"இந்த வீட்ல தனிக் கச்சேரி பண்றவன் நான் ஒருத்தன்தான்" என்பார்.

வாராவாரம் சொல்கிற வேடிக்கைதான். அந்த ஞாயிறு மட்டும் சுருக்கென்று தைத்தது.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தப் பியானோ அக்காவுக்காக வாங்கியது. அக்காவுக்கு அரைமணி நேரம் ஓரிடத்தில் உட்கார உடம்பு வணங்காது. ஆனால் குரல் இருந்தது. பாடுகிற பெண்ணுக்கு வாசிக்க ஆள் வேண்டுமே என்று அப்பா ஒன்பது வயதுத் தங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். அப்போது பெடலுக்குக் கால் எட்டவில்லை. பிறகு இசைக் கல்லூரியில் மேற்கத்திய செவ்வியல் இசை படித்து முதல் வகுப்பில் தேறினாள். அங்கேயே பாட்டு வகுப்புகளுக்கு வாசிக்கிற வேலை கிடைத்தது. இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. தேர்வில் பிள்ளைகள் வரியை மறந்து திருதிருவென்று விழித்தால், இவள் அதே இசையில் ஒரு சுற்று சுற்றி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போவாள். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்வதுதான் அந்த வேலையின் சாமர்த்தியம். அக்காவின் மேடைகள் தனிக் கணக்கு. பூங்கொத்து அக்காவுக்கு, கார் வரும்வரை அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பது இவள்.

ஏழு மாதத்துக்கு முன்பு, எந்தத் தைரியத்திலோ, கல்லூரியின் சின்ன அரங்கில் தனக்கென்று ஒரு மாலைப் பொழுது கேட்டாள். முக்கால் மணி நேரம், பியானோ மட்டும். கல்லூரி முதல்வர் மறுக்கவில்லை, முதலில் வாசித்துக் காட்டச் சொன்னார். போன வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டினாள். விரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"நல்லா வாசிச்சீங்க மேடம்" என்றார் முதல்வர். "ஆனா வரி முடியுற இடத்துல எல்லாம் நிக்கிறீங்களே, யாருக்காகக் காத்திருக்கீங்க?"

நின்றதே அவளுக்குத் தெரியாது. கைப்பேசியில் பதிந்திருந்ததை வீட்டுக்குப் போகும் பேருந்தில் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு வரி முடிவிலும் இழையளவு இடைவெளி. பாடுகிறவர் மூச்சு இழுக்கிற நேரம். பாட ஆளே இல்லாத இசையில், அக்காவின் மூச்சுக்கு இடம் விட்டு வாசித்திருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கேட்பதாக முதல்வர் சொல்லியிருந்தார். சரியாக வந்தால் அந்த மாலை அவளுக்கு. இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு.

இடைவெளியை அடைக்கப் போனால் பேருந்தைத் துரத்துகிறவள் மாதிரி கை ஓடியது. நிதானப்படுத்தினால் மறுபடி நின்றது. டிக் டிக்கென்று தாளம் சொல்லும் கருவியைக் கணவர் முடுக்கி வைத்தார். அது ஓடும்வரை ஒழுங்காக இருந்த கை, நிறுத்தியதும் பழைய புத்திக்குப் போனது. அவரிடம் சிடுசிடுத்தாள். செவ்வாய் காலை பியானோ மூடியை அறைந்து சாத்தினாள். விரல் தப்பியது பெரிய காரியம்.

அன்று சாயந்தரம் அக்கா வந்தாள், கையில் புதுப் பாட்டுத் தாள்களோடு. சனிக்கிழமை நிகழ்ச்சி, வியாழக்கிழமை ஒத்திகை என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் இதைக் கேள் என்று தங்கை அவளை நாற்காலியில் உட்காரவைத்து வாசித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"இதுல என்னடி குறை? அம்சமா இருக்கு. எங்கேயும் மூச்சே முட்டல."

தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

"வியாழக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்கோக்கா. வெள்ளிக்கிழமை முடியுற வரைக்கும் நான் உன் பாட்டுப் பக்கமே வர முடியாது."

"வேற ஆளுக்கு என் மூச்சு தெரியுமா? ரெண்டு மணி நேரம்தானே. நான் இல்லேன்னா உன்னை யாருடி மேடைக்குக் கூப்பிட்டிருப்பா?"

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை என்பதுபோல் சொன்னாள்.

தங்கை தன் தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பி வாசிக்கத் தொடங்கினாள். அதன் மேலேயே அக்கா பேசினாள்: ஆறு மணிக்குக் கார் அனுப்புகிறேன், இரண்டாவது பாட்டு கொஞ்சம் கஷ்டம். வரி முடிந்த இடத்தில் அடுத்த பேச்சுக்கு அக்கா மூச்சை இழுத்தாள். கை நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவை நிற்கவில்லை, ஆனால் விரல் தடுக்கி இரண்டு கட்டைகள் தவறின. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப முதல் பக்கம்.

"வருவியா, மாட்டியா? அதைச் சொல்லு."

தங்கை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். அக்கா பாட்டுத் தாள்களைப் பியானோ மேல் வைத்தாள், எடுத்தாள், திரும்பவும் வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.