மஞ்சள் கோடு போட்ட ரிப்போர்ட்

காலையில் மகளின் முகம் வீங்கியிருப்பதும் மத்தியானத்துக்குள் வடிந்துவிடுவதுமாகக் கொஞ்ச காலம் போயிற்று. வீரபாண்டியில் எங்கள் தெருமுனை டாக்டர் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார். காலும் வீங்கிய பிறகு சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவைப் பார்த்ததும், உடனே கிட்னி டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அதுவரை அவள் படிப்பைப் பற்றி விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிட்னிக்கென்று ஒரு டாக்டர் கோயமுத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார் என்று விசாரித்து, ஒரு நர்சிங் ஹோமில் போய்க் காத்திருந்தோம். முதல் வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்தவர், கோயமுத்தூருக்கே வரச்சொல்லி, முதுகில் ஊசி செலுத்திக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட்டுக்காக அலைய வேண்டாம், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம், பாஸ்வேர்டு மெயிலில் வரும் என்றாள் ஆஸ்பத்திரி வரவேற்பறைப் பெண். எனக்கென்று மெயில் ஏது? நான் பில் போடும் பனியன் கம்பெனியின் மெயிலைக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பத்துக்குக்கூட அவரவர் வேலை பார்க்கும் கம்பெனி மெயிலைத்தான் கொடுத்தார்கள்.

கம்பெனி மெயிலைத் திறப்பது, ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசர் தம்பியின் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் இரவில் அனுப்பியதை எல்லாம் காலையில் பிரின்ட் எடுத்து, உடனே கவனிக்க வேண்டிய வரிகளில் மஞ்சள் மார்க்கர் போட்டு, உரியவர் மேஜையில் வைத்துவிடுவான். கலர் சரியில்லை, கழுத்து அளவு கூடிவிட்டது என்று எப்போதும் ஏதாவது மஞ்சளாக இருக்கும்.

அன்று காலை என் மேஜையில் இருந்த தாளில் மகளின் பெயர் இருந்தது. இரண்டு கிட்னியிலும் பெரும்பகுதி தழும்பேறிவிட்டது என்ற வரி மஞ்சள். கீழே டாக்டரின் குறிப்பில், டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும் என்பதும் மஞ்சள். செக்கிங் மேஜையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பெற்றவளுக்கு முன்னால் கம்பெனிக்கே தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது வந்தது கோபம்தான். அழுகை வரவில்லை.

அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான்.

“பாஸ்வேர்டு வந்துதுங்க்கா. பழக்கத்துல உள்ள போயி பிரின்ட் எடுத்துட்டனுங்க. கோடு போட்டு முடிச்சப்பறந்தான் நம்ம பாப்பாவுதுன்னே மண்டைல ஏறுச்சு.”

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“டாக்டருக்குப் போன் போட்டுட்டனுங்க்கா. அடுத்த வாரம் வாங்கன்னாங்க. நான் விடலீங்க. நாளைக்குக் காலைல பாக்கறாங்களாம்.”

திட்டுவதற்கென்று வாயில் வைத்திருந்த வார்த்தையை விழுங்கினேன். அதற்குள் என் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து கணவர். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று காலையிலிருந்து மூன்றாவது தடவை. ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. போனை அந்தத் தம்பியிடம் நீட்டினேன்.

“அண்ணா, நாளைக்கு வெடியால கோயமுத்தூரு போறீங்க. பாப்பாவுக்கு ரெண்டு நாளைக்குத் துணி எடுத்து வெச்சுக்குங்க.”

எதிர்முனையில் அவர், துணியா என்று மட்டும் திருப்பிச் சொன்னார். மகள்தான் பின்னாலிருந்து கேட்டாள், போன் பக்கமாகக் குனிந்திருந்த எனக்குத் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது: “எதுக்குங்கப்பா துணி?”