முகப்பை இறக்கச் சொன்னார்கள்

எங்கள் ஐயாவுக்குக் கட்டடப் பைத்தியம். திருவிழாவுக்குப் போனாலும் சாமியைப் பார்க்கமாட்டார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்று சனத்தின் இடி வாங்குவார். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்தை, சண்டைக்கு முன் உள்ளே போகக்கூடிய காலத்தில், கந்தோர் வேலை விட்டதும் சைக்கிளில் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மனிதர். உரும்பிராயில் எங்களுக்கு வீடு கட்டியபோது அதே மாதிரி முகப்பொன்றை வைத்துவிட்டார். கூரையையும் தாண்டி நிமிர்ந்து, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் பெரிய வெள்ளைச் சுவர்.

"என்ன, வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போறியளோ?" என்று ஊர் பகிடி பண்ணியது.

"வடிவுக்கு என்ன சமயம்?" என்பார் ஐயா, நெற்றி நிறையத் திருநீற்றோடு.

சண்டை மூண்டதும் பகிடி நின்றது. குண்டு போடும் பொம்பர் வந்தால் முதலில் தெரிவது எங்கள் முகப்புத்தான் என்று அயலுக்குப் பயம். சாணி கரைத்துப் பூசச் சொன்னார்கள். ஐயா அந்தத் தைப்பொங்கலுக்கும் வெள்ளையடித்தார்.

எனக்கோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பல் விளக்கும்போதும் காது வானத்தில்தான். தெருவில் மோட்டார் சைக்கிள் உறுமினாலும் வாசலுக்கு ஓடுவேன். ஆனால் வெயில் சாயும்போது அந்த வளைவுகளில் ஒரு மஞ்சள் ஏறும். அப்போது மட்டும் ஆறுதலாக நிற்பேன். அதை யாராவது குறை சொன்னால் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு இணுவிலில் ஒரு சம்பந்தம் பொருந்திவந்தது. எங்கள் வழக்கப்படி வீடு அக்காவுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வீடு பார்க்க வந்தார்கள். ஐயா விறாந்தையையும் தூண்களையும் காற்று வரும் வழியையும் காட்டிக் காட்டி வியர்த்துப்போனார்.

மாமன் கேட்டது ஒன்றுதான். "பங்கர் எங்கை?"

குண்டுக்குப் பதுங்கும் பங்கர்க் குழியை நாங்கள் இன்னும் வெட்டவில்லை.

"வீடு நல்ல வடிவு. ஆனா உந்த முகப்பை இறக்கிப்போட்டுச் சொல்லி அனுப்புங்கோ, பிறகு கதைப்பம். பொம்பர்காரன் இயக்கத்தின்ரை காம்பெண்டு நினைச்செல்லோ போடுவான்!"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் ஐயா. முகம் கறுத்துவிட்டது.

அவர்கள் படலையைத் தாண்டியதுதான் தாமதம், நான் வெடித்தேன். "கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை! அக்கா, உந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டு சொல்லு!"

அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். பிறகு ஐயாவைப் பார்த்தாள்.

"ஐயா, முன்னறை வெக்கையெண்டு நான் பின்னாலை குசினிக்குள்ளை படுக்கிறது பொய்ச்சாட்டு. அங்கை படுக்கப் பயம். ஹெலிச் சத்தம் கேட்டா உந்தச் சுவர் எனக்கு மேலை விழுகிற மாதிரியே கிடக்கும்."

"ஏன் பிள்ளை முந்தியே சொல்லேல்லை?"

"நீங்கள் உந்த முகப்பைப் பாக்கிற பார்வையைப் பாத்தா ஆருக்கு ஐயா வாய் வரும்?"

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவளுடைய பயம் எனக்குத் தெரியவில்லையே!

ஐயா முற்றத்தில் இறங்கி முகப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணியைச் சாத்தி, இரும்பு அலவாங்கோடு ஏறினார்.

அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "இஞ்சேருங்கோ, பொறுங்கோ! அவையள் இன்னும் ஓமெண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. சம்பந்தம் சரிவராட்டி?"

"அவையளுக்காக ஆரப்பா இடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, ஐயா அலவாங்கை ஓங்கிக் குத்தினார்.